பயோடேட்டாவின் கடைசி வரி

"பொழுதுபோக்குன்னு ஒரு வரி இருக்கும்மா. என்ன எழுதறது?"

ரெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண் கேட்டபோது, நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தோழியின் பயோடேட்டாவைப் பார்த்து, 'புத்தகம் படித்தல், பாட்டுக் கேட்டல்' என்று எழுதிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனாள். "கடைசியாகப் படித்த புத்தகம் எது?" என்று கேட்டார்களாம். வாயடைத்துப் போயிற்று. பிறகு தெரிந்த கெமிஸ்ட்ரிகூட வரவில்லை. அவள் அப்பா காலமான பின் வீட்டுக்கு அவள் சம்பளம்தான் நம்பிக்கை. அன்றிரவு இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அலமாரியைத் துடைக்கும்போது அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் கண்ணில் பட்டது. சிறு வயதில் அப்பாவுடன் ஓடையில் அவள் பொறுக்கிய கல் சிப்பிகள்! ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் எங்கள் அரியலூர்ப் பக்கம் கடலாக இருந்தது. அந்தச் சிப்பிகள் படிந்த சுண்ணாம்புக் கல்தான் இன்று இங்கே சிமெண்ட் ஆகிறது.

"இதை எழுதேன் பாப்பா."

"போம்மா, கல்லு பொறுக்கறதையெல்லாமா எழுதுவாங்க? சிரிப்பாங்க!"

ஆனாலும் எழுதினாள். அடுத்து அழைத்தது ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடம். கேள்வி சிப்பியில் தொடங்கி, கால்சியம் கார்பனேட்டுக்குப் போயிற்றாம். நடுக்கம் நீங்கி மளமளவென்று பதில் சொல்லியிருக்கிறாள். வேலை கிடைத்தது. சிப்பியால் கிடைத்த வேலை என்று சொல்ல மாட்டேன், கொடுத்தது படிப்புதான். வாயைத் திறக்க வைத்தது சிப்பி.

சகோதரிகளே, இந்த வரி எப்போதும் நன்மையே செய்யும் என்றும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், 316 வக்கீல் அலுவலகங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்கள் போயின. தகுதி எல்லாவற்றிலும் ஒன்றே. பாய்மரப் படகு, போலோ என்று பணக்காரப் பொழுதுபோக்கு எழுதிய ஆண்களுக்கே அழைப்பு அதிகம். அதையே எழுதிய பெண்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை! குடும்பம் என்று வந்தால் வேலையில் மனம் நிற்காது என்ற சந்தேகம்தான்.

ஆகவே, பகட்டுக்காக எதையும் எழுத வேண்டாம். ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேச முடிகிற ஒன்று இருந்தால் எழுதுங்கள். கோலமானாலும் சரி, மாடித் தோட்டமானாலும் சரி. அனுபவமே பக்கத்தை நிரப்பினால் விட்டுவிடுங்கள். ஐ.ஏ.எஸ். தேர்வு விண்ணப்பத்திலேகூடப் பொழுதுபோக்கைக் கேட்கிறார்கள். நேர்முகத்தில் அதைத் துருவவும் செய்வார்கள்.

முதல் சம்பளம் வந்த அன்று, என் பெண் அந்தப் பாட்டிலைத் துடைத்து அவள் அப்பா படத்தருகே வைத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.