தியேட்டர் போச்சு, ஸ்டாப்பிங் இருக்கு!

"லிபர்ட்டி ஒண்ணு குடுங்க!"

கோடம்பாக்கம் போகிற டவுன் பஸ்சில் இன்றும் இப்படிக் கேட்டு டிக்கெட் வாங்குகிறார்கள். கண்டக்டரும் மறுபேச்சு இல்லாமல் கொடுக்கிறார். இறங்கிப் பார்த்தால் லிபர்ட்டி தியேட்டரைக் காணோம். இடித்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டது!

ஆற்காடு ரோட்டின் கதையே இதுதான். கோடம்பாக்கம் பாலத்தில் இருந்து வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் வழியாக போரூர் வரை போகிறது இந்த ரோடு. கலைவாணர் நினைவாக என்.எஸ்.கே. சாலை என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஆட்டோ ஏறுகிறவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

குதிரைத் தோட்டமா?

நவாபின் குதிரைகள் நின்ற "கோடா பாக்"தான் கோடம்பாக்கம் ஆனது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் யார் வீட்டுத் தோட்டம்? பாக்கம் என்றால் தமிழில் ஊர்தானே!

கேட் மூடினால் கொண்டாட்டம்

குதிரை நின்றதோ இல்லையோ, நட்சத்திரங்களின் கார் நின்றது நிஜம்.

1960-களில் பாலம் வருவதற்கு முன்பு அங்கே ரயில்வே கேட். மின்சார ரயில் வருகிறது என்றால் கேட் விழும். ஸ்டூடியோவுக்குப் போகிற கார்கள் வரிசையாக நிற்கும். அவ்வளவுதான்! ரசிகர்கள் ஓடிவந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பார்கள். இதற்காகவே வெளியூரில் இருந்து வந்து கேட் பக்கம் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. டிக்கெட் இல்லாத காட்சி அது.

பாலம் வந்தது. கார்கள் மேலே பறந்தன. தரிசனம் போச்சு!

லட்டு போய் பர்கர்

1948-ல் ஏவி.எம். செட்டியார் தன் ஸ்டூடியோவை காரைக்குடியில் இருந்து வடபழனிக்குக் கொண்டுவந்தார். பக்கத்திலேயே நாகிரெட்டியின் விஜயா வாகினி. ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று பெயர் வாங்கியது. 1957-ல் வந்த "மாயாபஜார்" அங்கே எடுத்ததுதான். 1972-ல் அந்த இடத்தில் விஜயா ஆஸ்பத்திரி வந்தது. 2013-ல் மால் வந்தது. கடோத்கஜனாக ரங்காராவ் லட்டு லட்டாக விழுங்கிய வளாகத்தில் இன்று பர்கர் விற்கிறது!

ஏவி.எம். மட்டும் 2023-ல் பழைய கேமராக்களையும் கார்களையும் வைத்து மியூசியம் திறந்தது.

தகரத் தடுப்பு

கலங்கரை விளக்கத்தில் இருந்து பூந்தமல்லி வரை 26 கிலோ மீட்டர் மெட்ரோ பாதை. கோடம்பாக்கம் வரை பூமிக்கு அடியில் வந்து, பவர் ஹவுஸ் பக்கம் மேலே ஏறுகிறது. இந்த வேலைக்காக ரோட்டின் நடுவே தகரத் தடுப்பு வைத்தார்கள். வண்டி நிறுத்த இடம் இல்லாமல் வாடிக்கையாளர்கள் வேறு கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். கடை வாடகை மட்டும் மாதம் பிறந்தால் தவறாமல் வந்து நின்றது. பட்ட பாடு கடைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

மெட்ரோ ஸ்டேஷன் பெயரில் பவர் ஹவுஸ் பிழைத்துக்கொண்டது. லிபர்ட்டிக்கு அந்த யோகம் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்க வேண்டும் என்றால் பஸ்சில்தான் ஏற வேண்டும்!