தொங்கும் தலைக்கு எந்தப் பட்டை?

'கழுத்துல சுளுக்கு, எண்ணெய் போட்டு நீவி விடுங்க' என்று திருவையாறு பக்கத்திலிருந்து அழைத்து வருவார்கள். கையால் தாங்கினால் தலை நிமிரும். விட்டால் மார்பில் விழும். கூடவே கை மெலிந்து, பேச்சும் குழறினால் அது சுளுக்கல்ல. தசையை இயக்கும் நரம்பணுக்கள் நசியும் நோயாக இருக்கலாம். (1970-ல் சென்னை மருத்துவர்கள் விவரித்த ஒரு வகைக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர்; இளவயதில் வந்து காதையும் மந்தமாக்கும்.) குணமாக்கும் மருந்து எங்கள் சித்தத்திலும் இல்லை, அலோபதியிலும் இல்லை. நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்தைத் திருக விடாதீர்கள்.

கடையில் தொங்கும் பஞ்சுப் பட்டையை அவசரப்பட்டு வாங்காதீங்க. தாடையை இறுக்கி, விழுங்க விடாது. நம்ம ஊர் புழுக்கத்தில் வேர்த்துப் புண்ணாகும். முன்பக்கம் திறந்து, மோவாயைத் தாங்கும் கம்பிச்சட்டப் பட்டை பலருக்குத் தேவலை. பிசியோதெரபிஸ்ட் அளவு பார்க்கட்டும். மற்ற நேரம் ஈஸிசேரில் சாய்த்து வையுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா? பட்டை அப்புறம்; உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.