உஷார்! சிமுலேஷனில் சுற்றிய மோட்டார் மேஜையில் புகையும்

ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகளே, சாலிடரிங் அயர்னைக் கொஞ்சம் கீழே வையுங்கள். ப்ரோட்டியஸ் சிமுலேட்டரில் மோட்டார் சுற்றிவிட்டது, இனி போர்டில் ஏற்றிவிடலாம் என்று கிளம்பிவிட்டீர்களா? அவசரமே வேண்டாம்!

மோட்டார் சுற்றுவது வேறு. நீங்கள் கேட்ட வேகத்தில் சுற்றுவது வேறு.

கடைசி வருடம் படிக்கும் ஒரு பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், பாவம். அவனிடம் இருந்தது 6 வோல்ட் மோட்டார். பேட்டரியோ 12 வோல்ட். மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து, அது ஓடும் நேரத்தை, அதாவது டியூட்டி சைக்கிளை, பாதியில் வைத்தால் சராசரியாக 6 வோல்ட்தானே போகும் என்று கணக்குப் போட்டான். கணக்கில் தப்பில்லை. பிக் 16எஃப்877ஏ சிப், 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ப்ரீஸ்கேலர் 16, பி.ஆர்.2 ரெஜிஸ்டரில் 255, சி.சி.பி.ஆர்.1எல் ரெஜிஸ்டரில் 128. சரியாக 50 சதவீதம். மோட்டாரும் சொன்னபடி கேட்டது. ஆனால் ஓயாத ரீங்காரம். 488 ஹெர்ட்ஸ் காதில் விழத்தானே செய்யும்?

'20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏத்திடு, சத்தம் போயிடும்' என்று யாரோ சொன்னார்கள். நல்ல யோசனைதான். ப்ரீஸ்கேலரை 1 ஆக்கினான், பி.ஆர்.2-வை 99 ஆக்கினான். சிமுலேஷனை ஓட்டினான். மோட்டார் சுற்றியது. திருப்தியாகச் சிப்பில் ஏற்றி, ஸ்விட்சைப் போட்டான்.

128-ஐ மட்டும் மாற்றவில்லை!

மோட்டார் அலறிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் பிரஷ் பக்கத்துப் பிளாஸ்டிக் மூடி இளகிவிட்டது. காயிலின் எனாமல் கருகும் வாடை அறை முழுக்க. மறுநாள் ரிவியூ.

என்ன ஆனது? இந்தச் சிப்பில் 128 என்றாலே பாதி என்று அர்த்தமில்லை. பி.ஆர்.2-வோடு 1 கூட்டி 4-ஆல் பெருக்குங்கள். அதுதான் முழு அளவு. 255 இருந்தபோது முழு அளவு 1024. சி.சி.பி.ஆர்.1எல்-இல் போடும் எண்ணும் நான்கு மடங்காகத்தான் கணக்கில் வரும், ஆக 128 என்பது 512. பாதி. பி.ஆர்.2 99 ஆனதும் முழு அளவு 400-க்கு இறங்கிவிட்டது. 512 மட்டும் அப்படியே நிற்கிறது. டைமர் 400-ஐ எட்டியதும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும், 512-ஐத் தொடவே தொடாது. தொட்டால்தானே பின் அணையும்? அணையவே இல்லை. 12 வோல்ட்டும் முழுதாக மோட்டாருக்குப் போய்விட்டது. அங்கே இருந்திருக்க வேண்டிய எண் 50.

கம்பைலர் வாயே திறக்காது. சிமுலேட்டரும் திறக்காது. புரோகிராமில் பிழை ஏதும் இல்லையே! போதாததற்கு, சிமுலேஷன் மோட்டாரின் வோல்டேஜ் 12 என்றே இருந்தது, அவன் 6 என்று மாற்றவில்லை. அதனால் முழு வேகம் கண்ணுக்கு வித்தியாசமாகவே தெரியவில்லை. திரையில் இருக்கும் காயிலுக்கு எனாமலும் கிடையாது, வாடையும் வராது.

உங்கள் திரையில் இப்படி ஏதாவது தெரிகிறதா என்று இப்போதே பாருங்கள்.

ஆசிலாஸ்கோப்பில் கோடு அசையாமல் நேராக நிற்கிறதா? சிக்னல் வரவில்லை என்று வயரைப் பிடுங்காதீர்கள்! சேனல் ஏ.சி.யில் இருந்தால் டி.சி.க்கு மாற்றுங்கள். 5 வோல்ட்டில் நேர்க்கோடு என்றால் அது 100 சதவீதம். மேலே சொன்ன அதே ஆபத்து. பூஜ்யத்தில் நின்றால் பெரிய பயமில்லை. ஆர்.சி.2 பின்னை அவுட்புட் ஆக்க மறந்திருப்பீர்கள், அல்லது டைமர் 2 ஓடவில்லை.

புரோகிராமில் எண்ணை மாற்றியும் அலை மாறவில்லையா? வேறு ஃபோல்டரில் கிடக்கும் பழைய ஹெக்ஸ் ஃபைலைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. சதவீதம் சரியாக இருக்கும், ஃப்ரீக்வென்சி மட்டும் எங்கேயோ இருக்கும். ப்ரோட்டியஸில் நீங்கள் வரைந்து வைத்த கிரிஸ்டல் வெறும் படம்! சிப்பின் ப்ராப்பர்ட்டீஸில் இருக்கும் கிளாக் எண்ணைத்தான் அது எடுத்துக்கொள்ளும். அங்கே 1 மெகாஹெர்ட்ஸ் என்று கிடந்தால் உங்கள் 20 கிலோ 2.5 கிலோவாகத் தெரியும். சாதாரண மோட்டாரில் இது கண்ணில் படாது. செர்வோ வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 1 முதல் 2 மில்லிசெகண்ட் பல்ஸ் போக வேண்டும். திரையில் சரியாக நிற்கும்வரை எண்ணை மாற்றி மாற்றிப் போடுவார்கள். நிஜ போர்டில் எல்லாமே எட்டு மடங்கு வேகத்தில் ஓடும்.

ஆர்டுயினோ பிள்ளைகளே, தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து வருவது 0 முதல் 1023 வரை. அனலாக்ரைட் கேட்பது 0 முதல் 255 வரை. அப்படியே திணித்தால் ஊனோவின் 5, 6-ம் பின்களில் குமிழை ஒரு முறை முழுதாகத் திருப்புவதற்குள் எல்.இ.டி. நான்கு முறை மங்கிப் பிரகாசிக்கும். எல்.இ.டி. என்றால் வேடிக்கை. ஹீட்டர் என்றால்?

திரையில் எல்.இ.டி. விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். சிமுலேட்டர் படம் காட்டும் வேகம் அவ்வளவுதான்.

மோட்டாரை இயக்கும் மாஸ்ஃபெட்டையும் நம்பிவிடாதீர்கள். ஐ.ஆர்.எஃப். 540 கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுதாகத் திறக்கும். 5 வோல்ட் பின்னிலிருந்து நேராகக் கொடுத்தால் அரைகுறையாகத் திறந்து, தொட்டால் விரல் சுடும். சிப் ரீசெட் ஆகும் நேரத்தில் பின் அந்தரத்தில் தொங்கும், மோட்டார் தானாகத் துள்ளும். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிடுங்கள்.

சிமுலேஷனை மூடுவதற்கு முன் ஸ்கோப்பை ஒரு கட்டத்துக்கு 10 மைக்ரோசெகண்டில் வையுங்கள். 20 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்று ஐந்து கட்டம் ஓட வேண்டும், அதில் இரண்டரைக் கட்டம் மேலே நிற்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். போர்டில் ஏற்றியதும் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வண்டி இண்டிகேட்டரின் 12 வோல்ட் பல்பைப் போடுங்கள். பேட்டரியில் நேராகக் கொடுத்தபோது எரிந்ததைவிட மங்கலாக எரிய வேண்டும். அதே வெளிச்சம் வந்தால் மோட்டார் பக்கமே போகாதீர்கள்.