வயது 18 முதல் 30 வரை: கடை வாசல் அட்டை சொல்லாமல் விடுவது

திருப்பூர் குமரன் சாலையிலோ காதர்பேட்டையிலோ ஒருமுறை நடந்து பாருங்கள். துணிக்கடை, செல்போன் கடை, சூப்பர் மார்க்கெட் என்று எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் ஓர் அட்டை தொங்கும்: "விற்பனைக்கு ஆட்கள் தேவை. வயது 18 முதல் 30 வரை." சில கடைகளில் 25 வரைதான். ஊத்துக்குளியிலிருந்து காலையில் ரயிலிலும் பேருந்திலும் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எத்தனையோ பேர். பனியன் கம்பெனியில் கண் பார்வை ஒத்துழைக்காமல் மிஷினை விட்டவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் வேலைக்கு வர நினைக்கும் தாய்மார்கள், கணவரை இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் எல்லோரும் அதில் உண்டு. அந்த அட்டை இவர்களை உள்ளே வந்து பேசவே விடுவதில்லை.

உள்ளே எடுக்கப்பட்ட இளைஞர்களுக்காவது மரியாதை கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. "இந்தக் காலத்துப் பசங்க போனை விட மாட்டாங்க, ஒரு மாசம் நிக்க மாட்டாங்க" என்ற பேச்சு முதல் நாளே காதில் விழுகிறது. வயதானவர் என்றால் மெதுவானவர், கணினி தெரியாதவர், சொன்னதைக் கேட்காதவர். இளையவர் என்றால் பொறுப்பில்லாதவர், நிலைக்காதவர். ஆளைப் பார்க்கும் முன்பே பிறந்த ஆண்டை வைத்து எழுதப்பட்ட தீர்ப்புகள் இவை. நம் குடும்பங்களில் கடை வைத்திருப்பவர்களும் உண்டு, கடையில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. அதனால் இதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வயதை வைத்து மனிதரை ஒதுக்குவதற்கு ஆங்கிலத்தில் 'ஏஜிசம்' என்று 1969-இல் பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர். உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் இதைப்பற்றி வெளியிட்ட அறிக்கையில், உலகில் இருவரில் ஒருவருக்கு முதியோரைப் பற்றி இத்தகைய பாகுபாட்டு மனப்பான்மை இருப்பதாகச் சொன்னது. அதே அறிக்கையில் பலரும் கவனிக்காத இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஐரோப்பாவில், வயதால் தாங்கள் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொல்கிறவர்களில் இளையவர்களே மற்ற வயதினரைவிட அதிகம்.

'மில்லினியல்', 'ஜென் சி' என்ற பெயர்களை இப்போது நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் பார்க்கிறோம். ஒரு தலைமுறை ஒரே மாதிரி சிந்திக்கும் என்ற எண்ணத்துக்கு மூலமாகக் காட்டப்படுவது, கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928-இல் எழுதிய கட்டுரை. ஆனால் அவரே, ஒரே ஆண்டில் பிறந்ததால் மட்டும் மனிதர்கள் ஒன்றாகிவிடுவதில்லை, ஒரே வரலாற்று அனுபவத்தில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். 2020-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் இந்தப் பெயர்களை வேலையிடத்தில் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்து, தலைமுறைப் பிரிவுகளை வைத்துப் பணியாளர்களை நிர்வகிக்க ஆதாரம் போதாது என்ற முடிவுக்கு வந்தன. கணக்கெடுப்புகளில் இந்தப் பெயர்களை நிறையப் பயன்படுத்திவந்த பியூ ஆய்வு மையமும் 2023-இல் தன் போக்கை மாற்றிக்கொண்டது.

அந்தப் பெயர்கள் அமெரிக்க வாழ்க்கையிலிருந்து வந்தவை. திருப்பூர் வட்டாரத்தில் ஒரு தொழிலாளியின் குணத்தை வார்த்தவை வேறு. 2005-இல் ஏற்றுமதிக் கோட்டா முறை முடிந்து கம்பெனிகள் பெருகியபோது வேலைக்கு வந்தவர், ஆள் பற்றாக்குறை என்ற காலத்தைப் பார்த்தவர். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலைக்கு வந்தவர், நேற்றிருந்த கம்பெனி இன்று இல்லை என்பதைக் கண்டவர். 2016 பணமதிப்பிழப்பு, 2017 ஜிஎஸ்டி, 2020 ஊரடங்கு என்று அடுத்தடுத்து வந்ததில் வளர்ந்த பிள்ளை, ஒரே முதலாளியை நம்பி இருபது வருடம் இருக்கலாம் என்று எப்படி நினைக்கும்? நிலைக்கவில்லை என்று நாம் குறை சொல்வது பல நேரம் அவர் கண்ட சந்தையின் பாடம்.

பெரியவர்களைப் பற்றிய எண்ணங்களும் சோதிக்கப்பட்டிருக்கின்றன. தாமஸ் இங், டேனியல் ஃபெல்ட்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் 418 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூத்த பணியாளர்களுக்கு ஊக்கம் குறைவு, மாற்றத்தை எதிர்ப்பார்கள், உடல்நலம் குறைவு, பிறரை நம்ப மாட்டார்கள், குடும்பச் சுமையால் வேலை கெடும், பயிற்சிக்கு முன்வர மாட்டார்கள் என்ற ஆறு நம்பிக்கைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஐந்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பயிற்சியில் ஆர்வம் குறைவு என்பதற்கு மட்டும் ஓரளவு ஆதாரம் இருந்தது. அதைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. புதிய பில்லிங் மென்பொருள் வரும்போது பயிற்சிக்கு யாரை அனுப்புகிறோம்? இருபத்திரண்டு வயதுப் பையனைத்தான். கூப்பிடப்படாதவருக்கு ஆர்வம் எங்கிருந்து வரும்?

கடைத்தொழிலிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் பி அண்ட் கியூ என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம், 1989-இல் மேக்கிள்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் திறந்த கடையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களை மட்டுமே வேலைக்கு வைத்தது. அதே நிறுவனத்தின் மற்ற கடைகளோடு ஒப்பிட்டபோது லாபம் 18 சதவீதம் அதிகம். வேலையை விட்டுப் போவோர் ஆறில் ஒரு பங்கு. விடுப்பு 39 சதவீதம் குறைவு. திருட்டு, சேதம் போன்றவற்றால் வரும் சரக்கு இழப்பு 58 சதவீதம் குறைவு. ஒரு கடையின் கணக்கை எல்லாக் கடைக்கும் பொருத்த முடியாதுதான். ஆனாலும் 'வயசானவங்கள வெச்சா வியாபாரம் படுத்துரும்' என்ற பயத்துக்கு இது பதில்.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. பனியன் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தே சிங்கிள் ஜெர்சியா, இன்டர்லாக்கா, ஒரு துவைப்பில் சுருங்குமா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் காதர்பேட்டைக் கடைகளில் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து மொத்தமாக வாங்க வருகிறவர் தேடுவது அவரைத்தான். அதே வியாபாரிக்கு மாதிரிப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, யுபிஐ-யில் முன்பணம் வாங்கி, பார்சல் எண்ணை அனுப்புவது இருபது வயதுப் பையன். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்த விற்பனை நடக்காது.

அப்படியானால் முப்பது வயது வரை என்று ஏன் எழுதுகிறார்கள்? முதலாளிகளிடம் கேட்டால் வெளிப்படையாக வரும் பதில், "நாள் முழுக்க நிக்கணும், அவங்களால முடியாது" என்பது. இங்கேதான் விஷயம் திறக்கிறது. நாள் முழுக்க ஏன் நிற்க வேண்டும்? ஜவுளிக்கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது வாடிக்கையாளர் கேட்ட விதி இல்லை. கடைக்காரர் ஏற்படுத்திய வழக்கம். 2010-இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' திரைப்படம் சென்னை ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைத் தொழிலாளர்களின் இந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. பல ஆண்டுகள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருண்டு வீங்குவதும், மூட்டு வலியும், முதுகு வலியும் வருகின்றன. இருபது வயதில் எடுத்து, நிற்க வைத்தே உடம்பைக் கெடுத்து, முப்பத்தைந்தில் 'இவரால் முடியவில்லை' என்று சொல்வது வயதின் குறையாகாது.

கோழிக்கோட்டில் பெண் தொழிலாளர்கள் இதை எதிர்த்துக் கேட்டார்கள். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை வசதிகூட இல்லாத நிலையில், விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, கழிப்பறைக்கும் பிறகு நாற்காலிக்கும் போராடினார். 2018-இல் கேரளம் கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றமும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லாப் பணியாளர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி செய்ய வேண்டும், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். இது சின்னக் கடைக்கும் பொருந்தும். நம் கடைகளில் இந்த நாற்காலி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். கல்லாவில் இருப்பவருக்கு மட்டும் இருந்தால் போதாது.

முதலாளிகள் வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. பணிக்கொடை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடையில், தொடர்ந்து 5 ஆண்டு பணி செய்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை தர வேண்டும். 1972-இல் தனிச் சட்டமாக வந்த இந்த உரிமை, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவர் பத்தாண்டு கழித்து விலகினால், 12,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 10-ஆலும் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 69,230 ரூபாய் வரும். நான்காவது ஆண்டில் 'கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வாங்க' என்று அனுப்பி, புதிதாகச் சேர்த்ததுபோல் எழுதிக்கொள்ளும் வழக்கம் ஏன் வந்தது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும். இப்படிப் பார்த்தால் வயதைப் பற்றிய பேச்சில் பாதி பணத்தைப் பற்றிய பேச்சுதான். உழைத்தவருக்குச் சேர வேண்டியதைத் தராமல் தப்பிக்க ஒரு வழி.

சட்டம் இதில் எவ்வளவு துணை நிற்கும்? அமெரிக்காவில் 1967 முதல், நாற்பது வயதைத் தாண்டியவர்களை வேலையில் பாகுபடுத்தத் தடை இருக்கிறது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் எல்லா வயதினருக்கும் பொருந்தும். இந்தியாவில் தனியார் கடைக்காரர் வயது பார்த்து ஆள் எடுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் என்று சொல்கிறது. வயதைச் சொல்லவில்லை. ஆகவே அந்த அட்டையை எதிர்த்து வழக்குப் போட வழி குறைவு. ஆனால் உள்ளே வந்தவரை நினைத்த நேரத்தில் வெளியே தள்ள முடியாது. அதே 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கும்போது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். தொழிலாளர் துறையில் மேல்முறையீடும் செய்யலாம். 'வயசாயிருச்சு' என்பதை மட்டும் நியாயமான காரணமாக ஏற்கச் செய்வது முதலாளிக்கு எளிதல்ல.

இளையவர் பக்கமும் சட்டம் பேசுகிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை. நோன்புப் பெருநாள், தீபாவளி சீசனில் நள்ளிரவு வரை நிற்க வைத்து, கூடுதல் நேரத்துக்குப் பிரியாணியோடு கணக்கை முடித்துவிட்டு, பிறகு 'பசங்க நிக்க மாட்டேங்கறாங்க' என்று வருந்துவதில் பொருள் இல்லை. 'அண்ணன் மகன்தானே, கத்துக்கட்டும்' என்று படிக்கிற வயதுப் பிள்ளையைக் கடையில் நிறுத்துவதும் இதே வகை. கற்றுக்கொடுப்பது வேறு, சம்பளம் இல்லாத ஆளாக வைத்துக்கொள்வது வேறு.

குடும்பக் கடைகளில் இந்தச் சண்டை வாப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் நடக்கிறது. மகன் ஆன்லைனில் விற்கலாம் என்பார். வாப்பா கடன் நோட்டை விடமாட்டார். இதில் நாம் அறிந்த வரலாறு ஒன்றை நினைவுகூரலாம். நபி (ஸல்) அவர்கள் தம் வாழ்வின் இறுதி நாட்களில் ஒரு படைக்குத் தலைவராக நியமித்தது, இருபது வயதைக்கூடத் தொடாத உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை. அந்தப் படையில் மூத்த நபித்தோழர்கள் இருந்தார்கள். வயதைச் சொல்லி முணுமுணுப்பும் எழுந்தது. நபி (ஸல்) அவர்கள் நியமனத்தை மாற்றவில்லை. பிறகு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களும் மாற்றவில்லை. குதிரை மேல் உஸாமா இருக்க, தாம் நடந்தே சென்று வழியனுப்பினார்கள். தகுதியைப் பார்த்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். மூத்தவர்களை ஒதுக்கியும் வைக்கவில்லை. அவர்கள் அதே படையில்தான் இருந்தார்கள்.

கடை வைத்திருப்பவர்கள் அட்டையில் வயதை எழுதுவதற்குப் பதிலாக வேலையை எழுதலாம்: "20 கிலோ பண்டல் தூக்க வேண்டும்", "பில்லிங் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் கற்றுத் தருவோம்", "மாலை 4 முதல் 9 வரை". முடியும் என்று நினைக்கிறவர் உள்ளே வருவார். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தப் பகுதிநேர வேலை பெரிய உதவி. கடைக்கும், கூட்டம் வரும் மாலை நேரத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கும்.

வேலை பார்ப்பவர்கள், எந்த வயதானாலும், முதல் மாதத்திலேயே சில தாள்களைச் சேர்த்து வையுங்கள். வேலைக்குச் சேர்ந்த தேதி எழுதிய ஏதாவது ஒரு காகிதம், சம்பளச் சீட்டு அல்லது வங்கியில் சம்பளம் ஏறிய பக்கம், கடையின் அடையாள அட்டை. இருபது பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் கடையானால் உங்கள் வருங்கால வைப்பு நிதி எண்ணைக் கேட்டு வாங்கி, மாதம்தோறும் பணம் ஏறுகிறதா என்று செல்போனில் பார்த்துக்கொள்ளுங்கள். வைப்பு நிதியோடு வரும் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். கடை மாறினாலும் அதே எண்ணைக் கொடுத்தால் பழைய ஆண்டுகளும் கணக்கில் சேரும். பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டிவிடுவார்கள்.