நழுவும் முழங்காற்சில்லு

கோட்டைக் கொச்சியின் பரேடு மைதானத்தில் பந்தாடும் சிறுவர்களுள் மட்டாஞ்சேரிப் பிள்ளைகளும் உளர். ஊன்றிய பாதம் அசையாதிருக்க உடல் மட்டும் சட்டெனத் திரும்பும்போது, சிலருக்கு முழங்காற்சில்லு வெளிப்புறமாக நழுவிவிடுகிறது. காலை நீட்டியதும் அது பெரும்பாலும் தானே இடத்திற்குத் திரும்பிவிடும். ஆசிரியர் ஓடிவந்து பார்க்கையில் வீக்கமும் வலியுமே எஞ்சியிருக்கும். ஆகவே சுளுக்கு என்று கருதி, எண்ணெய் தேய்த்து உருவிவிடுகின்றனர். அடுத்த ஆண்டு மாடிப்படியில் இறங்கும்போதே மறுபடியும் நழுவுகிறது.

சில்லானது தொடையெலும்பின் கீழ்நுனியிலுள்ள பள்ளத்தில், வாய்க்காலில் செல்லும் ஓடம் போல மேலும் கீழும் இயங்குகிறது. அது வெளியே விலகாதவாறு உட்புறத்திலிருந்து இழுத்துப் பிடிப்பது ஒரு மெல்லிய நார்ப்பட்டை. முழங்கால் சற்றே மடங்கிய நிலையில் தடுப்பு விசையிற் பாதிக்கு மேல் இதனுடையதே. முதல் நழுவலிலேயே இது பெரும்பாலும் கிழிந்துவிடுகிறது. பள்ளம் ஆழமற்றோ, சில்லு இயல்புக்கு மேல் உயர்ந்தோ அமைந்திருப்பின் நழுவல் தொடர்கிறது.

முற்காலத்தில் இந்நாரைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1938 இல் ஹௌசர் என்பார், சில்லின் கீழ்த் தசைநாண் பற்றியுள்ள எலும்பு மேட்டை வெட்டி, உட்புறமும் கீழுமாக நகர்த்திப் பொருத்தும் முறையை வெளியிட்டார். நழுவல் நின்றது; ஆனால் அவ்விடத்தில் கணைக்காலெலும்பு பின்னோக்கிச் சரிவதால் மேடும் பின்னே சென்றது. சில்லின்மீது அழுத்தம் மிகுந்து, பல ஆண்டுகளுக்குப் பின் குருத்தெலும்பு தேய்ந்தது. வளரும் பிள்ளைகளுக்கோ இன்னொரு கேடு: மேட்டடியிலுள்ள வளர்குருத்து சேதமுற்றால் முழங்கால் பின்புறமாக வளையக்கூடும்.

1979 இல் வாரன், மார்ஷல் ஆகியோர் முழங்காலின் உட்புற அடுக்குகளைத் தெளிவுற விவரித்தனர். இன்று, தொடையின் பின்புறத் தசைநாண் ஒன்றை எடுத்து அந்நாரையே புதிதாக அமைப்பது பெருவழக்கு. எலும்பை வெட்ட வேண்டியதில்லை என்பது இளையோர்க்குப் பெரும் நன்மை. ஆயினும் நார் தொடையெலும்பிற் பற்றுமிடம் வளர்குருத்துக்கு மிக அண்மையில் உள்ளது. தொடையெலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 70 விழுக்காடு இக்குருத்தினாலேயே நிகழ்கிறது. எனவே எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே அதன் கீழே துளையிடுவர். மேட்டை நகர்த்துவது அவசியமானால் குருத்து மூடும்வரை, அதாவது பெண்களுக்குச் சுமார் 14, ஆண்களுக்குச் சுமார் 16 வயதுவரை, ஒத்திவைப்பர். சிகிச்சைக்குப்பின் மைதானம் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும்.

முதல் நழுவலுக்குப் பொதுவாகக் கட்டும் தசைப்பயிற்சியும் போதும். குருத்தெலும்புத் துண்டு உடைந்து மூட்டுக்குள் கிடந்தாலொழிய அறுவை வேண்டா. துண்டு உண்டா என்பதை உருவுபவர் கையால் அறிய இயலாது. சில்லு வெளியே நிற்பின் இழுத்துத் தள்ளாமல், கால் இருக்கும் நிலையிலேயே சிம்பு வைத்துக் கட்டி, எறணாகுளம் பொது மருத்துவமனை போன்ற எலும்புப் பிரிவுள்ள இடத்திற்கு அனுப்புக. எப்போது நழுவிற்று, எத்தனையாம் முறை, தானே திரும்பியதா என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன் அனுப்புதல் வேண்டும். மருத்துவர் முதலிற் கேட்பவை அவையே.