மழைக்கோட்டை மறந்தா உயிர் போகுமா? - ஐஸ்லாந்து நாவல்களுக்குள் ஒரு நடை!

விடியாத இருட்டு. ஆறு துடுப்புப் படகு ஒன்று மீன்பிடிக்கக் கடலுக்குள் கிளம்புகிறது. அதில் பார்தூர்னு ஓர் இளைஞன். கிளம்பும் நிமிஷம் வரைக்கும் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' புத்தகத்திலிருந்து சில வரிகளை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தான். அந்த நினைப்பிலேயே மழைக்கோட்டைக் குடிசையில் விட்டுட்டு வந்துடுறான். நடுக்கடலில் பனிப்புயல் பிடிக்கிறது. கோட்டு இல்லாத பார்தூர், நண்பன் கண்ணெதிரிலேயே குளிரில் விறைத்துச் செத்துப்போகிறான்.

கரை திரும்பியதும் அந்த நண்பன் செய்கிற வேலைதான் கதை. சாவுக்குக் காரணமான அந்தப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு, அதை இரவல் கொடுத்தவர்கிட்டயே சேர்க்க, பனியில் நடக்க ஆரம்பிக்கிறான். நாவல் முழுக்க அவனுக்குப் பேரே கிடையாது. வெறும் 'பையன்'.

இது யோன் கல்மான் ஸ்டெஃபான்சன் 2007-ல் எழுதிய 'ஹெவன் அண்ட் ஹெல்'. எங்க நண்பர்கள் வட்டத்துல நாலு பேர் சேர்ந்து ஐஸ்லாந்து நாவல்கள் படிக்கலாம்னு முடிவு பண்ணினப்போ, முதலில் கையில் சிக்கியது இதுதான். ஒருத்தி படிச்சு முடிச்சதும் கேட்டாள்: "ஒரு கோட்டுக்காக ஒரு உயிரா? கொஞ்சம் ஓவரா இல்லை?" நியாயமான கேள்விதான். அடுத்தடுத்த புத்தகங்களைப் படிக்கப் படிக்கத்தான் அதுக்குப் பதில் கிடைச்சுது.

ஐஸ்லாந்துன்னா நமக்கு என்ன தெரியும்? வானத்தில் பச்சை வெளிச்சம், எரிமலை, நீல நிற வெந்நீர்க் குளம், ரீல்ஸ். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்ன நாடு. ஆனா மொத்த ஜனமும் சுமார் நாலு லட்சம்தான். அதிலும் பாதிக்கு மேல் தலைநகர் ரெய்க்யாவிக்கிலும் அதைச் சுத்தியும்தான் இருக்காங்க. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெறும் நாலு மணி நேரம். இதெல்லாம் டூரிஸ்ட் பார்க்கிற ஐஸ்லாந்து. நாவல்கள் காட்டுறது வேற ஒண்ணு.

ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும், பழைய கால ஐஸ்லாந்துக் கதைகள் சட்டுனு பிடிபட்டுடும்.

முதலாவது, வீடு. கட்டடம் கட்ட மரம் அரிது. அதனால் கல்லையும், புல் முளைத்த மண்ணை வேரோடு வெட்டி எடுத்த கட்டிகளையும் அடுக்கித்தான் சுவர் எழுப்பினார்கள். கூரை மேலேயும் புல். உள்ளே 'பாத்ஸ்தோவா'ன்னு நீளமா ஒரு அறை. முதலாளி, முதலாளியம்மா, பிள்ளைகள், வேலைக்காரர்கள் எல்லாரும் அந்த ஒரே அறையில்தான் சாப்பிடணும், கம்பளி நூற்கணும், தூங்கணும். ஒரு கட்டிலில் ரெண்டு பேர் படுப்பது சர்வ சாதாரணம். குளிர்கால ராத்திரியில் ஒருத்தர் சத்தமா புத்தகம் வாசிக்க, மத்தவங்க கேட்டுக்கிட்டே நூல் நூற்பாங்க. மீனவக் குடிசையில் கிடந்த ஒருத்தன் மில்டனை மனப்பாடம் பண்ணினது எப்படின்னு இப்போ புரியுதா?

ரெண்டாவது, ஒரு சட்டம். சொந்தமா நிலமோ பண்ணையோ இல்லாதவங்க, ஏதாவது ஒரு பண்ணையில் வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்காரங்களா இருந்தே ஆகணும். 'எனக்கு வேலை வேண்டாம், நான் தனியா இருந்துக்கிறேன்'னு சொல்ல முடியாது. 15-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த இந்த ஏற்பாடு, 19-ம் நூற்றாண்டு முடியுற வரைக்கும் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. வருஷா வருஷம் கோடை தொடங்கும்போது ஒப்பந்தம் முடியும். மூட்டையைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீடு. படுக்கும் கட்டில்கூட இன்னொருத்தருடையதுதான்.

இதை மனசில் வெச்சுக்கிட்டு அக்னெஸ் கதைக்குப் போவோம்.

சிறை இல்லாத ஊரில் ஒரு தூக்குக் கைதி

தலைப்பில் 'தூக்கு' பழக்கத்தில் வந்துடுச்சு. உண்மையில் கோடரி.

அக்னெஸ் மக்னுஸ்டோட்டிர் கற்பனைப் பாத்திரம் கிடையாது. பண்ணை பண்ணையா வேலை பார்த்து வாழ்ந்த பெண். 1828 மார்ச்சில் வடக்கு ஐஸ்லாந்தின் இல்லுகாஸ்டாதிர் பண்ணையில் நாட்டான் கெட்டில்சன் என்பவரும், அன்று அங்கே தங்கியிருந்த இன்னொருவரும் கொல்லப்பட்டார்கள். வீடு தீயில் எரிந்தது. அங்கே வேலை பார்த்த அக்னெஸ், சிக்ரிதூர் என்ற இளம்பெண், ஃப்ரித்ரிக் என்ற இளைஞன் மூவருக்கும் தண்டனை. சிக்ரிதூரை டென்மார்க் சிறைக்கு அனுப்பிட்டாங்க. மற்ற இருவரின் தலையும் 1830 ஜனவரி 12-ம் தேதி வெட்டப்பட்டது. கோடரியைப் பிடித்தவர் யார் தெரியுமா? கொலையான நாட்டானின் சொந்தச் சகோதரன். ஐஸ்லாந்தில் நிறைவேற்றப்பட்ட கடைசி மரண தண்டனை இதுதான். அந்தக் கோடரி இன்னிக்கும் ரெய்க்யாவிக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கு.

அப்போ ஐஸ்லாந்து டென்மார்க் ஆட்சியில் இருந்தது. தண்டனையைக் கோபன்ஹேகனில் ராஜா உறுதி செய்யணும். கடிதம் கப்பலில் போய் வரணும். அதுவரைக்கும் கைதியை அடைத்து வைக்க அந்தப் பக்கம் சிறையே கிடையாது. என்ன செஞ்சாங்க? ஒரு அரசு ஊழியரின் பண்ணை வீட்டில் விட்டுட்டாங்க. அவருடைய மனைவி, மகள்கள் எல்லாரும் தூங்குகிற அதே ஒற்றை அறையில்!

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹன்னா கென்ட் பள்ளி வயதில் மாணவர் பரிமாற்றத்தில் ஐஸ்லாந்து போனப்போ இந்தக் கதையைக் கேள்விப்பட்டவர். அதுதான் 2013-ல் 'பரியல் ரைட்ஸ்' ஆனது. அவருடைய முதல் நாவல்.

நாவலில் கொலை எப்படி நடந்ததுங்கிறது ஒரு கேள்விதான். என்னைப் பிடிச்சு இழுத்தது அந்த அறை. முதல் நாள் அக்னெஸைப் பார்த்ததும் வீட்டம்மா மார்க்ரியத் பயப்படுகிறார், அருவருக்கிறார். ஆனால் அறுவடைக்கு ஆள் வேணும், ஆடு வெட்டும் காலத்தில் கை வேணும். அக்னெஸ் வேலைக்காரி. எல்லா வேலையும் தெரிஞ்சவள். மெதுவா மெதுவா அந்த வீட்டுக்கு அவள் தேவைப்பட ஆரம்பிக்கிறாள். குளிர்காலம் வந்ததும் எல்லாரும் உள்ளே அடைஞ்சு கிடக்க, பாதிரியாரிடம் அவள் தன் கதையைச் சொல்கிறாள். கேட்காத மாதிரி நடிக்கிறவங்க காதிலும் அது விழுகிறது. வேற எங்கேயும் போக முடியாதே!

அந்த அறையும் அந்தக் குளிரும் இல்லாம இந்தக் கதையை எழுதவே முடியாது. அவளுக்குக் கிடைச்ச ஒரே நீதிமன்றம் அதுதான்னு எனக்குத் தோணுச்சு. நிஜத்தில் 2017-ல் ஐஸ்லாந்து சட்டத்துறையினர் இந்த வழக்கை இன்றைய சட்டப்படி ஒரு மாதிரி நீதிமன்றத்தில் மறுபடி விசாரிச்சாங்க. அதில் அக்னெஸுக்கு 14 வருஷச் சிறை. எங்க குரூப்பில் ஒருத்தன், "அவ்வளவுதானா"ன்னான். இன்னொருத்தி, "அதுவே அதிகம்"னாள். அன்னைக்கு டீ ஆறிப்போச்சு.

ஆடா, மனைவியா?

அக்னெஸுக்கு வீடு கிடைக்கல. வீடு கிடைச்சவன் கதை 'இண்டிபெண்டன்ட் பீப்பிள்'. 1934-35ல் ரெண்டு பாகமா வந்தது. எழுதிய ஹால்டோர் லாக்ஸ்னெஸுக்கு 1955-ல் நோபல் பரிசு.

பியார்தூர் 18 வருஷம் அடுத்தவர் பண்ணையில் உழைச்சு, ஒரு பாழடைஞ்ச நிலத்தை வாங்குகிறான். யாருக்கும் கைகட்டக் கூடாது, அதுதான் அவனுக்கு எல்லாம். கீழே ஆடுகள், மேலே மனிதர்கள்னு ஒரு மண் வீடு. மனைவி ரோசா கர்ப்பிணி. கொஞ்சம் பாலுக்கும் கறிக்கும் ஏங்குகிறாள். மாடு வாங்கினால் செலவு, அவன் மாட்டேங்கிறான். தினமும் காய்ந்த மீன். ஒரு நாள் அவன் மலையிலிருந்து ஆடுகளை ஓட்டி வரப் போகும்போது, அவளுக்குத் துணையா ஒரு பெண் ஆட்டை விட்டுப் போகிறான். புயலடிக்கும் ராத்திரி. ஆட்டின் சத்தத்தில் பேயின் குரல் கேட்டு நடுங்கி, அவள் அதை அறுத்து, சமைச்சும் சாப்பிடுகிறாள்.

அவனுக்கு இது தெரியாது. ஆடு தொலைந்துவிட்டதாக நினைக்கிறான். பின்னர் குளிர்காலத்தில், இல்லாத அந்த ஆட்டைத் தேடிப் பிரசவம் நெருங்கிய மனைவியைத் தனியே விட்டுப் போகிறான். பனிப்புயலில் சாகக் கிடந்து தப்பித் திரும்பினால், ரோசா செத்துக்கிடக்கிறாள். பக்கத்தில் பிறந்த குழந்தை. நாய் தன் உடம்புச் சூட்டில் அதை உயிரோட வெச்சிருக்கு.

இந்த இடத்தில் எங்க நாலு பேருக்கும் செம சண்டை. "இவன் ஹீரோவே கிடையாது, சுத்த மிருகம்"னு ரெண்டு பேர். "18 வருஷம் அடிமையா இருந்தவனுக்குத்தான் ஒரு ஆட்டோட விலை தெரியும்"னு ஒருத்தன். நான் முதல் கட்சி. ஆனா அந்தக் குழந்தை தன்னோடது இல்லைனு தெரிஞ்சும், அவன் அதுக்கு ஒரு அழகான பேர் வெச்சு வளர்க்கும்போது ஆடிப்போயிட்டேன். அதுக்கப்புறமும் அவன் திருந்தினான்னு நினைச்சுடாதீங்க. லாக்ஸ்னெஸ் அவ்வளவு லேசில் விடமாட்டார். முதல் உலகப் போர் வந்து கம்பளிக்கும் கறிக்கும் விலை ஏறி, கடன் வாங்கிப் பெரிய வீடு கட்டி... மீதியை நீங்களே படிங்க. 1946-ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்ற புத்தகம். நடுவில் சிரிப்பும் வரும், நம்புங்க.

இதெல்லாம் அந்தக் காலம்னு சொல்றவங்களுக்கு ஆர்னல்டூர் இந்த்ரிதாசன். இவருடைய 'சைலன்ஸ் ஆஃப் தி கிரேவ்' ஒரு பிறந்தநாள் விழாவில் ஆரம்பிக்கும். ஒரு கைக்குழந்தை எதையோ கடிச்சுக்கிட்டிருக்கு. மனித விலா எலும்பு! நகரம் விரிந்து புது வீடுகள் கட்டும் இடத்தில் கிடைச்சது. மீதி எலும்பைத் தொல்லியல்காரர்கள் தூரிகை வெச்சு மெள்ள மெள்ளத் தோண்டுவாங்க. அதே வேகத்தில் இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புருஷனிடம் தினமும் அடி வாங்கின ஒரு பெண்ணின் கதை விரியும். அந்த வீட்டுச் சம்பவங்கள் படிக்கக் கஷ்டமா இருக்கும், இப்பவே சொல்லிடறேன். விசாரிக்கும் போலீஸ்காரர் எர்லெண்டூர், சின்ன வயசில் பனிப்புயலில் தம்பியைத் தொலைச்சவர். உடம்புகூடக் கிடைக்கல. அதனாலோ என்னவோ, காணாமல்போனவர்களின் கதை எது கிடைத்தாலும் உட்கார்ந்து படிக்கிற மனுஷன்.

கோட்டு, ஆடு, ஒரு கட்டில். குளிர் இல்லாத ஊரில் இதெல்லாம் சின்ன விஷயம். முதலில் "ஓவரா இல்லை?"ன்னு கேட்டவள் இப்போ அந்தக் கேள்வியைக் கேட்கிறதில்லை.

பேர்களைப் பார்த்து மிரளாதீங்க. அங்கே பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, நம்ம இனிஷியல் மாதிரி அப்பா பேர்தான். மகன்னா கடைசியில் 'சன்', மகள்னா 'டோட்டிர்'. அக்னெஸ் மக்னுஸ்டோட்டிர்னா மக்னுஸின் மகள் அக்னெஸ். பிரதமரைக்கூட முதல் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. முதல் பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டா கதை ஓடிடும்.

எதில் ஆரம்பிக்கலாம்? த்ரில்லர் பிடிக்கும்னா 'சைலன்ஸ் ஆஃப் தி கிரேவ்'. அழுதாலும் பரவாயில்லைன்னா 'பரியல் ரைட்ஸ்'. 'ஹெவன் அண்ட் ஹெல்' சின்னப் புத்தகம், ஆனா நிறுத்தி நிறுத்திப் படிக்கணும். பஸ்ஸில் போகும்போது வேலைக்கு ஆகாது. 'இண்டிபெண்டன்ட் பீப்பிள்' பெருசு, நீளமான லீவுக்கு வெச்சுக்கோங்க. எல்லாமே ஆங்கிலத்தில் இ-புக்காகவும் கிடைக்குது.

ஐஸ்லாந்துக்காரங்க கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒருத்தருக்கொருத்தர் புத்தகம் பரிசு கொடுத்து, அதோட படுக்கைக்குப் போறது வழக்கம். உலகப் போர் சமயத்தில் மத்த பொருளுக்கெல்லாம் தட்டுப்பாடு, காகிதம் மட்டும் கிடைச்சதால் பரவின பழக்கமாம். நாங்களும் வர்ற டிசம்பருக்கு ஆளுக்கொரு புத்தகம் மாத்திக்கிறதா இருக்கோம். பியார்தூர் கட்சிக்காரனுக்கு நான் என்ன கொடுக்கப்போறேன்னு இன்னும் முடிவு பண்ணல.