ஊசி மாறும், கை மாறாது
பழைய ரெக்கார்டுகளுக்குத் திரும்புகிறவர், மலிவான புதுப் பெட்டி பிளேயரைவிட நல்ல நிலையிலுள்ள பழைய டர்ன்டேபிளை வாங்குவதே மேல். அந்தப் பெட்டிகளில் பலவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ் ரெக்கார்டின் மேல் அதிக பாரத்தை ஏற்றுகிறது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வைப் பாருங்கள். 1979-இல் வந்த இதில் மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றுகிறது. இற்றுப்போக பெல்ட் இல்லை. குவார்ட்ஸ் படிகம் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. 'இத்தனை வருடம் உழைத்த மெஷினை நம்பலாமா?' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் முதலில் தேய்வது ஊசி. அதைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். சோதிக்க வேண்டியது ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மை. விரல் நுனியால் மெல்ல அசைத்துப் பாருங்கள்: பேரிங்கில் ஆட்டம் தெரிந்தாலோ, பக்கவாட்டில் நகரும்போது சிக்கினாலோ, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். டிஜேக்களிடம் பல வருடம் அடிபட்ட மெஷின் என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

வீட்டில் இருப்பவை தியாகராஜ பாகவதர் காலத்து 78 வேக அரக்குத் தட்டுகள் என்றால் கணக்கே வேறு. இந்த மெஷினில் 33⅓, 45 வேகங்கள் மட்டுமே. 78-இன் அகலமான பள்ளத்துக்குத் தனி ஊசியும் வேண்டும். அத்தகைய தட்டுகள் வைத்திருப்பவர்கள் மூன்று வேக மெஷினைத் தேடுவதே சரி.